இரத்தம் வராத கடி

தயாபரனின் மச்சான் ஜெயகுமாரைப் போலக் குழாய் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அந்தத் தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது. மலையில் ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் தண்ணீர்ப் பீலி வரைக்கும் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று தேயிலைக்குள் நுழைந்து, வடிகால் கான் தாண்டி, கல் ஏறி வருகிறது. காட்டுப்பன்றி கிளறினாலோ ஆள் மிதித்தாலோ எங்காவது பொத்துக்கொள்ளும். பீலியில் தண்ணீர் இளைத்ததும் பெண்கள் காலிக் குடத்தோடு ஜெயகுமாரின் வாசலில் வந்து நிற்பார்கள். அவன் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவான். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே மேட்டில் ஏறுவான். சில்லென்று எங்கே பீச்சுகிறதோ அங்கே கை நிற்கும். டியூபைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டால் வேலை தீர்ந்தது. அதை வேறு விதமாகவும் செய்யலாம் என்று எவரும் நினைத்தது கிடையாது, ஏனென்றால் தண்ணீர் யாரையும் கடிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அதே கையை டிராக்டரின் எண்ணெய்க் குழாயில் வைத்தான். பக்கத்தில் நின்ற தயாபரனுக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

டிராக்டர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஜெயகுமார் கட்டியிருப்பது தயாபரனின் தங்கை நிரஞ்சலாவை; ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருக்கிறார்கள். மொனராகலைப் பக்கம் கரும்புக் காட்டில் வெயில் குடித்துக் கிடந்த சின்ன டிராக்டர் அது. முன்னால் மண் அள்ளும் பக்கெட் வைத்தது. அதன் ஹோஸ்களில் ரப்பர் வெடித்துக் கோடு கோடாகிக் கிடந்ததை வாங்கும்போதே பார்த்தார்கள். ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் எதைத்தான் உடையும் முன்னே மாற்றியிருக்கிறார்கள்?

வாரம் முழுக்கப் பெய்த மழையில் லயத்துக்கு வரும் பாதையில் மண் சரிந்திருந்தது. கொழுந்து லொறி மேலே வர வழியில்லை. சறுக்கும் சேற்றில் பெண்கள் தலையில் மூட்டையோடு இறங்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை விடியும்போது பாதை திறந்திருக்கும் என்று ஜெயகுமார் தோட்டத் தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த மறுநாளே பக்கெட் மக்கர் பண்ணியது. தூக்கினால் மெதுவாக ஏறியது, ஏறிய கையோடு தொய்ந்து இறங்கியது. ஹோஸ் ஈரமாக இருந்தது. எங்கிருந்து ஈரம் வருகிறது என்று மட்டும் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

ஜெயகுமார் எஞ்சினை ஓடவிட்டு, பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, ஹோஸைத் தடவிக்கொண்டே போனான். பாதி தூரத்தில் "ச்சூ" என்று கையை உதறினான். ஆள்காட்டி விரலின் நுனியில், ஊசி குத்தியது போல ஒரு புள்ளி.

"அட்டை," என்றான். மழைக்கு அட்டை புல்லெங்கும் நெளிந்த நேரம். நிரஞ்சலா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அப்பி, துணிக் கிழிசலால் விரலைக் கட்டிவிட்டாள். "லீக்கு இந்த எடத்துலதான். ஹோஸ் எவ்வளவு நீளம்னு நூல் புடிங்க மச்சான், பண்டாரவளைக்குப் போயிட்டு வந்துருங்க," என்றான் ஜெயகுமார். தயாபரன் நூல் பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டு, மண்சரிவைத் தாண்டிப் போய் பஸ் ஏறினான்.

பண்டாரவளையில் ஹோஸ் அடித்துக் கொடுப்பவர் பஸீல்; வருகிறவர்களுக்கெல்லாம் 'நானா', அண்ணன். பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் கடை. ஐம்பது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி, எந்நேரமும் எண்ணெய் படிந்த கை. அவர் நூலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"நீளம் நானா. ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல இருக்கிறதுதான் ஹோஸ்."

"நாடா கோக்கவா போறீங்க? ஹோஸக் கழட்டிக் கொண்டுவரணும். மொனையில என்ன மரை ஈக்குன்னு படத்தப் பார்த்து நான் என்னத்தச் செல்ல?" போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். "ரெண்டு ஹோஸ் பக்கத்துப் பக்கத்துல ஓடுது. இதுலதான் லீக்குன்னு எப்பிடித் தெரியும்?"

தயாபரனுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. "எங்க மச்சான் கைய வச்சாருன்னா தப்பாது நானா. எஞ்சின ஓடவிட்டு, பக்கெட்டத் தூக்கி வச்சிக்கிட்டு, தடவியே கண்டுபுடிச்சிட்டாரு."

பஸீல் போனை மேசையில் வைத்தார்.

"கையில ஏதாச்சும் பட்டிச்சா?"

"ஒண்ணும் படல. அந்த நேரம் பார்த்து வெரல்ல ஒரு அட்டை கடிச்சிருச்சு. சுண்ணாம்பு வச்சிருக்கு."

"அந்த அட்டைய நீங்க கண்டீங்களா?"

தயாபரன் யோசித்தான். ஜெயகுமார் கையை உதறினான். எல்லாரும் விரலைப் பார்த்தார்கள். விரலிலும் தரையிலும் அட்டையை யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

"இல்ல நானா."

"அல்லாஹ்வே," என்று மெல்லச் சொல்லிவிட்டு, பஸீல் மேசையைச் சுற்றி வெளியே வந்தார். "தம்பி, நல்லாக் கேளுங்க. ஊசி போட டொக்டர் பெருவெரலால அமுக்குறாரே, அதுக்கே தோல் வழி விடுது. இது ஒரு பக்கெட்டு மண்ணத் தூக்குற பாரம். அந்த ஹோஸுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தா எண்ணெய் ஊசியை விட மெல்லிசா வரும். கைய வச்சா தோலக் கிழிச்சிட்டு உள்ளுக்குப் போயிரும். உள்ள போனது வெளிய வராது. எலும்போரமா ஓடிக்கிட்டே இருக்கும், சதைய அழுகப் பண்ணும்."

"அவருக்கு வலியே இல்ல நானா. சிரிச்சிக்கிட்டு நின்னாரு."

"வலிக்காது. அதுதான் முஸீபத்து, அதுதான் ஆபத்து. வலிக்கத் தொடங்கினா நேரம் போயிட்டுதுன்னு அர்த்தம். ஏன்ட பொஞ்சாதிட தம்பி இப்றாஹீம், கரும்புக் காட்டு மெசினெல்லாம் பார்த்தவர். இதே மாதிரி ஒரு புள்ளி. நாளைக்குக் காட்டலாம்னு ராவைக்குப் படுத்தார். இப்ப வலது கை அவருக்கு இதோட முடியுது." முழங்கைக்கு ஒரு சாண் கீழே தொட்டுக் காட்டினார். "காலையில பட்டிச்சின்னா பகலுக்குள்ள ஆஸ்பத்திரியில வெட்டித் தொறந்து கழுவணும். வேற மருந்து இல்ல."

தயாபரன் மேசையிலிருந்து போனை எடுத்தான். வாசலுக்குப் போய் ஜெயகுமாரின் நம்பரை அழைத்தான். மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஒருவழியாக எடுத்தான். குரலுக்குப் பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான், சைக்கிள் டியூப்ப நல்லா இறுக்கிச் சுத்திட்டேன். அப்பிடியே நிக்குது. நீங்க ஆறுதலா வாங்க, நான் பாதி மண்ண தள்ளிருவேன்."

"எஞ்சின நிப்பாட்டுங்க மச்சான். அந்தக் கை..."

"என்ன? கேக்கல."

"கடிச்சது அட்டை இல்ல, மச்சான், எண்ணெய்..."

"எண்ணெய் வேணாம், இருக்கு," என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அழைத்தால் எடுக்கவே இல்லை. நிரஞ்சலாவின் போன் எப்போதும் போல அணைந்தே கிடந்தது. லயத்துக்குள் சிக்னல் வருவதே அருமை என்பதால் அவள் ஞாயிறுகளில் அதைத் தொடுவதில்லை.

எஞ்சின் ஓடுகிறது. அந்த ஹோஸ் எந்த நிமிஷமும் வெடிக்கலாம். விரலுக்குள் போனது போய்க்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் தயாபரனின் மனசில் ஒன்றாக ஓடின. அவன் பஸீலைத் திரும்பிப் பார்த்தான். பஸீல் கடையின் இரும்புக் கதவைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். யாருக்கோ அடித்துக்கொண்டிருந்த ஹோஸ் பாதியில் மெசினுக்குள்ளேயே நின்றது.

"உங்க மச்சான் வாயால செல்லிக் கேக்குற ஆளா?"

"இல்ல நானா."

"அப்ப இத எடுங்க." ஓரத்தில் கிடந்த பெரிய காட்போட் பெட்டி ஒன்றைக் கிழித்து அவன் கையில் திணித்துவிட்டு, பஸீல் தம் வேனில் ஏறினார்.

தோட்டத்துக்குப் போகும் பூனாகலைப் பாதையில் வேன் முக்கி முனகி ஏறியது. மழை தூறலாகவும் பனியாகவும் மாறி மாறி வந்தது. எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற நேரமெல்லாம் தயாபரன் கதவுக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். வழி நெடுகப் போனை அழுத்திக்கொண்டே வந்தான். பஸீல் கண்ணைப் பாதையை விட்டு எடுக்கவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "அவருக்கு எந்தக் கை?" என்று கேட்டார். வலது கை என்றான் தயாபரன். பஸீல் தலையை ஆட்டிக்கொண்டு கியர் மாற்றினார்.

மண்சரிவுக்கு இப்பால் வேனை நிறுத்திவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தார்கள். பஸீலுக்குச் செருப்பு இரண்டு தடவை புதைந்தது. கடைசியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலே எஞ்சின் உறுமுவது கேட்டது. பாரத்தை இழுத்துப் பிடித்த உறுமல்.

வளைவு திரும்பியதும் தெரிந்தது. பக்கெட் நிறைய மண்ணை அள்ளித் தலைக்கு மேல் தூக்கியபடி டிராக்டர் நின்றது. லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் அதை ஒட்டினாற்போலவே நின்று வேடிக்கை பார்த்தார்கள். நிரஞ்சலா குடையோடு நின்றாள். ஜெயகுமார் சீட்டில் உட்கார்ந்து, லீவரை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டால் தள்ளிக்கொண்டிருந்தான். தயாபரன் அதைக் கவனித்தான்.

"எல்லாரும் தள்ளுங்க. தூரப் போங்க," என்று பஸீல் கையை வீசினார். "பக்கெட்டுக்குக் கீழ யாரும் நிக்க வேணாம்."

"வாங்க நானா," என்றான் ஜெயகுமார், சிரித்துக்கொண்டே. "ஒரு ஹோஸ் விக்கிறதுக்குக் கடையப் பூட்டிட்டு மலையேறி வந்திருக்கீங்க. யாவாரம் அவ்வளவு டல்லா?"

"மச்சான், எறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றான் தயாபரன். மூச்சு வாங்கியது. நடந்ததைச் சொன்னான். எண்ணெய் விரலுக்குள் போயிருக்கும் என்றான், இப்றாஹீமின் கையைப் பற்றியும் சொன்னான். அவசரத்தில் முன்னுக்குப் பின்னாகச் சொன்னான். ஜெயகுமார் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"மச்சான், எண்ணெய் என்ன துப்பாக்கிக் குண்டா? நான் எத்தன வருசமா குழாய் தடவுறேன். அட்டை கடிச்சதுக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க உள்ளவங்க சிரிப்பாங்க. நாளைக்குக் காலையில லொறி வரணும். நான் சொல்லிட்டேன்."

பஸீல் வாதாடவில்லை. எஞ்சினை அப்படியே ஓடவிடச் சொன்னார், லீவரைத் தொட வேண்டாம் என்றார். வேலியோரம் கிடந்த மூங்கில் கம்பை எடுத்து, அதன் நுனியில் காட்போட் துண்டைக் கட்டினார். கண்ணாடியை மூக்கின் மேலே ஏற்றிவிட்டு, பக்கெட்டின் பாரம் விழாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்று, கம்பை நீட்டி, சைக்கிள் டியூப் சுற்றியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டு போனார். ஹோஸுக்கும் காட்போட்டுக்கும் நடுவே ஒன்றுமே தெரியவில்லை. வெறும் காற்று. ஒரு சத்தமும் இல்லை. அவர் கம்பை ஒரு முழம் நகர்த்திவிட்டு இழுத்துக்கொண்டார்.

காட்போட்டில் பிளேடால் கீறியது போல ஒரு வெட்டு. ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பஸீல் அதைத் தூக்கிப் பிடித்தார். வெட்டின் வழியே அந்தப் பக்கத்துத் தேயிலை தெரிந்தது.

"நீங்க சுத்தின டியூப்புக்கு ஓரத்தால வருது," என்றார். "இதுக்குக் கிட்டத்தான் இவங்க எல்லாரும் நின்னுக்கிட்டு ஈந்தாங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயகுமாரின் சிரிப்பும் போய்விட்டது. ஆனாலும் அவன் லேசில் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. "சரி நானா, ஒத்துக்கிறேன். ஆபத்துதான். ஹோஸ மாத்துவோம். ஆனா என்னைய கடிச்சது அட்டை."

நிரஞ்சலா குடையைக் கீழே போட்டாள். டிராக்டரின் படியில் ஏறி அவனுடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். காலையில் தானே கட்டிய துணியை அவிழ்த்தாள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இதப் பாருங்க," என்றாள்.

"என்ன?"

"துணியப் பாருங்க. ரத்தம் எங்க?"

அந்த மலையில் கொழுந்து பறிக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அட்டை கடித்தால் இரத்தம் நிற்காது. சுண்ணாம்பு வைத்தாலும் புகையிலை வைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். இடுப்பில் கட்டிய சாக்கு நனையும், சீலை நனையும், மாலையில் கொழுந்து நிறுக்க வரும்போதும் காலில் கோடு காயாமல் இருக்கும். நிரஞ்சலாவைப் பதினெட்டு வயசிலிருந்து கடிக்காத அட்டை கிடையாது. காலையில் அவளே கட்டியிருந்தும், அவளுக்கு இது தோன்றவில்லை. ஆம்பளை சொன்னான் அட்டை என்று, அவள் சுண்ணாம்பை எடுத்தாள். அந்தக் கோபம் முழுக்க இப்போது அவள் குரலில் இருந்தது.

"இது கடிச்சு எவ்வளவு நேரமாச்சு? ஒரு சொட்டு இல்ல. அட்டை கடிச்ச எடம் இப்படியா இருக்கும்? வெரலு மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருக்கு. மடக்குங்க பாப்போம்."

"வேலை நேரத்துல..."

"மடக்குங்க."

ஜெயகுமார் கையை முன்னே நீட்டி மூட முயன்றான். நான்கு விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் விறைத்துக்கொண்டு யாரையோ காட்டுவது போல நீட்டியபடி நின்றது. அவன் மறுபடி முயன்றான். நெற்றியில் வியர்வை பூத்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் அவர்களைப் பார்க்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டான் தயாபரன்.

"கொஞ்ச நேரமா வெரலு என்னுது மாதிரி இல்ல மச்சான்," என்றான் ஜெயகுமார். அவன் குரல் இறங்கிவிட்டது. "அதான் வேலைய முடிச்சிருவோம்னு பார்த்தேன்."

மடத்தனம்தான். ஆனால் பயத்தை வேலையால் மூடிக்கொள்கிற மடத்தனம் லயத்தில் ஒருவனுக்கு மட்டும் உள்ளதல்ல. தயாபரன் அவனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுத் தானே சீட்டில் ஏறினான். பஸீல் தூரத்தில் நின்றபடியே சொல்லச் சொல்லச் செய்தான். முதலில் பக்கெட்டை மெதுவாகத் தரையில் இறக்கினான். அது மேலே நிற்கிற வரைக்கும் எஞ்சினை நிறுத்தினாலும் ஹோஸுக்குள் அந்தப் பாரம் உட்கார்ந்துகொண்டே இருக்கும் என்றார் பஸீல். பக்கெட் சேற்றில் அழுந்தியதும் எஞ்சினை நிறுத்தினான். பிறகு லீவரை முன்னும் பின்னுமாகத் தள்ளினான், உள்ளே மிச்சமிருந்த இறுக்கம் முழுக்கத் தளர்கிற வரை. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இத யாரும் தொடப்படாது," என்று பெண்களிடம் சொன்னான்.

யாரோ ஜெயகுமாருக்குச் சூடாகத் தேத்தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்கள். "ஒண்ணும் குடுக்காதீங்க. மயக்க மருந்து குடுக்கணும், வயித்துல எதுவும் ஈக்கப்படாது," என்று பஸீல் தடுத்தார். இன்னொருத்தி விரலை அமுக்கி எண்ணெயை எடுத்துப் பார்க்கலாமா என்றாள். சுடுதண்ணீரில் வைக்கலாமா என்றாள் மற்றவள். எல்லாவற்றுக்கும் பஸீல் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே நடந்தார். நிரஞ்சலா புருஷனின் கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றைக் கடந்தாள்.

பண்டாரவளையைத் தாண்டும் வரைக்கும் ஜெயகுமார் அமைதியாகத்தான் இருந்தான். லொறிக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட ஒரு தடவை கேட்டான். தெமோதரைக்குக் கிட்டே வரும்போது வலி வந்தது. சொல்லிக்கொள்ளாமல் வந்தது. முதலில் பல்லைக் கடித்தான். பிறகு வேனின் கதவில் நெற்றியை முட்டினான். அடுத்த வளைவில் வாய் விட்டுக் கத்தினான். புறங்கை உப்பிப் பளபளத்தது. பீலித் தண்ணீருக்காக இரவில்கூட முணுமுணுக்காமல் மலையேறுகிற ஆள் "அம்மா, கைய வெட்டிருங்க" என்று கதறியதைக் கேட்கத் தயாபரனால் முடியவில்லை. வலி வந்தால் நேரம் போய்விட்டது என்று கடையில் கேட்டது அவன் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அதைத் தங்கையிடம் அவன் சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தால், அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

"நானா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டாள்.

"ஹாலிஎல தாண்டினா வந்துரும் தங்கச்சி. வந்துரும்."

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பஸீல்தான் முன்னால் ஓடினார். வாசலில் நின்ற டொக்டர் பெண்பிள்ளையிடம் சிங்களத்தில் வேகமாகச் சொன்னார், புள்ளியைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், இது டிராக்டர் ஹோஸிலிருந்து அழுத்தத்தோடு உள்ளே போன எண்ணெய், காலையில் போனது, எண்ணெயின் வகை இன்னது என்று. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. விரலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், உடனே திரும்பிக் குரல் கொடுத்தாள். தள்ளுவண்டி வந்தது. ஜெயகுமாரை அதில் கிடத்தினார்கள். கதவுக்குள் போகும்போது அவன் இடது கையால் நிரஞ்சலாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். தாதி மெல்ல அதை விடுவித்தாள்.

அதற்குப் பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பஸீல் தொழுதுவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தார். போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்த டொக்டர் வந்து சொன்னார். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை தாண்டி மணிக்கட்டு வரை திறந்திருக்கிறது. எண்ணெய் அந்த மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தது. கழுவியிருக்கிறோம். கை தப்பும் என்று நினைக்கிறோம். விரலைப் பற்றி நாளைக்குத்தான் சொல்ல முடியும்.

அந்த நாளையும் வந்தது. மறுபடி ஜெயகுமாரை ஆபரேஷன் அறைக்குள் கொண்டு போனார்கள்.

அவன் கண் விழித்தபோது வெளியே நல்ல வெயில். கை முழுக்க வெள்ளைக் கட்டு, பெரிய பொதி போல, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தயாபரன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பாதையை ஆட்கள் மண்வெட்டியால் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி அவனிடம் இருந்தது. இந்த நேரத்துக்கு அது ஒரு செய்தியா என்று வாயை மூடிக்கொண்டான்.

"எத்தன இருக்கு?" என்று கேட்டான் ஜெயகுமார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்க்காமல், கட்டைப் பார்த்தே கேட்டான்.

நிரஞ்சலா சுற்றி வளைக்கவில்லை. "நாலு."

"எது போச்சு?"

"ஆள்காட்டி."

அவன் கண்ணை மூடினான். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த இடது கையின் நரம்புகள் புடைத்தன.

"அப்ப சோத்த நானே பெசஞ்சு தின்னுக்குவேன்."

நேற்றிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற நிரஞ்சலா, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.